மனித இனத்தால் போருக்கு முடிவு கட்ட முடியுமா?

உலகம் முழுக்க ஒரேயடியாக ஒழியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அடித்துக்கொண்ட இரண்டு தரப்புக்கு நடுவில் அது திரும்பி வராமல் செய்ய முடியும். நடந்தும் இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். சண்டை வடக்கிலும் கிழக்கிலும்தானே, மலையகத்துக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 1977இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் லயங்களை எரித்தபோது, இனித் தமிழர்கள் நடுவில் போய் இருந்துகொள்ளலாம் என்று ஏராளமான தோட்டக் குடும்பங்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. எங்கள் சித்தப்பாவும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டுப் போனார். காடு வெட்டிக் கச்சான் (நிலக்கடலை) போட்டார். அடிக்குப் பயந்து போய்ச் சேர்ந்த அந்த மண்தான் பிறகு போர்க்களம் ஆனது.

2002இல் அரசுக்கும் புலிகளுக்கும் நடுவில் போர்நிறுத்தம் வந்து, வடக்குக்குப் போகும் ஏ9 வீதி திறந்ததும் சித்தப்பா ஊருக்கு வந்தார். அப்பாயி ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே, "இனிமே சண்டை வராதுல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. 2006இல் வந்துவிட்டது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்தப் போர்நிறுத்த ஒப்பந்தம் துப்பாக்கியை நிறுத்தியது, அவ்வளவுதான். எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதைப் பேச்சுவார்த்தைக்கு விட்டார்கள். 2003இலேயே பேச்சு நின்றுபோனது. பிரான்சும் ஜெர்மனியும் 1870இலிருந்து 1945க்குள் மூன்று தடவை பெரும் போர் செய்த நாடுகள். 1951இல் அவை இன்னும் நான்கு நாடுகளோடு சேர்ந்து, நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அமைப்பின் கையில் கொடுக்கச் சம்மதித்தன. பீரங்கி செய்ய வேண்டிய பொருளே அதுதான். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது. இன்று அந்த எல்லையில் சண்டை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மன்னிப்பும் மனமாற்றமும் வேண்டும்தான், ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் முதலில் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோஸ்டாரிகா 1948இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தன் இராணுவத்தையே கலைத்தது. தலைநகரில் இருந்த படைமுகாம் இப்போது தேசிய அருங்காட்சியகம். அதே 1948இல்தான் எங்கள் நாடாளுமன்றம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள். போர் மனித இயல்பு, அதை மாற்றவே முடியாது என்று யாராவது சொன்னால், சித்தப்பா வந்திருந்த அந்த நாலு நாளை நினைத்துக்கொண்டு, இல்லை என்றுதான் சொல்வேன்.