வாசகர் கேள்வி – பதில்: துக்க நாட்களில் தள்ளிவைத்த போராட்டம்

கேள்வி: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, உலக வங்கிக்கும் சர்வதேச நாணய நிதியத்துக்கும் எதிராக வாஷிங்டனில் நடத்தத் திட்டமிட்டிருந்த பெரும் போராட்டத்தை அதன் ஏற்பாட்டாளர்களே கைவிட்டதாகப் படித்தேன். கொள்கையில் உறுதி உள்ளவர்கள் இப்படிப் பின்வாங்கலாமா?

பதில்: பின்வாங்கினார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. 1999 நவம்பரில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தை நிலைகுலையச் செய்த நாள் முதல், 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாவில் போராட வந்த ஓர் இளைஞர், காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானது வரை, உலகமயமாக்கலை எதிர்த்த அந்த இயக்கம் ஒவ்வொரு உச்சிமாநாட்டையும் தேடிச் சென்று வளர்ந்த இயக்கம். அதன் அடுத்த களம் வாஷிங்டன். அங்கே ஒரு வாரம் நடக்கவிருந்த உலக வங்கி, நாணய நிதியம் ஆகியவற்றின் ஆண்டுக் கூட்டங்களை, போராட்டத்துக்கு அஞ்சி, செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களுக்குச் சுருக்கியிருந்தார்கள். கூட்டம் நடக்கும் பகுதியைச் சுற்றி உயரமான வேலி அமைக்கவும் காவல்துறை திட்டமிட்டிருந்தது.

தாக்குதலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டார்கள். தாக்கப்பட்ட ராணுவத் தலைமையகமான பென்டகன், போராட்டம் நடக்கவிருந்த நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில்தான் இருக்கிறது. செப்டம்பர் 17 அன்று அவ்விரு நிறுவனங்களும் கூட்டங்களையே ரத்து செய்துவிட்டன. கோழைத்தனம் என்று ஏசுபவர்கள் இதைச் சொல்வதில்லை: முற்றுகையிட வேண்டிய கூட்டமே இல்லாமல் போன பிறகு எதை முற்றுகையிடுவது?

ஆனால் இது பாதிக் காரணம்தான். போராட்டத்தில் பங்கேற்பதாக இருந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. விலகிக்கொண்டது. இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்களில் 343 பேர் நியூயார்க் தீயணைப்புத் துறையினர், அவர்கள் தொழிற்சங்கத்தினர். சக உறுப்பினர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்களை அழைத்து வந்து காவலர்களோடு தள்ளுமுள்ளு செய்ய வைப்பது எந்தத் தலைமைக்கும் இயலாது. வீதி மறியலின் வலிமை, வேடிக்கை பார்ப்பவர்களில் ஒரு பகுதியாவது மனத்தளவில் நம் பக்கம் நிற்பதில் இருக்கிறது. அந்த வாரங்களில் அப்படி ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள் என்பதே என் கணிப்பு.

கேள்வி: அப்படியானால் எல்லா அமைப்புகளும் ஒரே முடிவுக்குத்தான் வந்தனவா?

பதில்: இல்லை. முக்கிய ஏற்பாட்டாளரான ‘உலகளாவிய நீதிக்கான அணிதிரட்டல்’ என்ற கூட்டணி தெருப் போராட்டங்களை விலக்கிக்கொண்டது. முதலாளித்துவ எதிர்ப்பாளர்களான இன்னொரு குழுவினர் செப்டம்பர் 29 அன்று ஊர்வலம் போகத்தான் செய்தார்கள். காவலர்கள் மிளகுத் தூளைத் தெளித்து அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். அதே நாளில் ‘ஆன்ஸர்’ என்ற புதிய கூட்டணி, போருக்கும் இனவெறிக்கும் எதிரான கூட்டமாகத் தன் நிகழ்ச்சியை மாற்றி, ஃப்ரீடம் பிளாசாவில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியது. இந்த மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் ஒரு சீக்கியர், அவருடைய தலைப்பாகையைக் கண்ட ஒருவனால் தம் கடையின் முன்னேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆப்கானிஸ்தான் மீது குண்டுவீச்சு தொடங்க இன்னும் ஒரு வாரமே இருந்தது. கடன், வட்டி, வர்த்தகம் என்று எழுதி வைத்திருந்த பதாகைகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்த நேரத்தின் அவசரத்தைப் பேசியது சரியே.

சியர்ரா கிளப் என்ற பெரிய சுற்றுச்சூழல் அமைப்பு அதிபர் புஷ்ஷைக் குறைகூறும் விளம்பரங்களை நிறுத்தியது; அத்தகைய வாசகங்களைத் தன் இணையதளத்திலிருந்தும் அகற்றியது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பரத்தைச் சில நாட்கள் நிறுத்துவது மரியாதை. ஏற்கெனவே எழுதியதை மறைப்பது வேறு.

கேள்வி: எதிர்ப்பாளர்கள் வாய்மூடியிருந்த காலத்தில் அரசும் அடக்கமாக இருந்ததா?

பதில்: இருக்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்ற கதைதான். செப்டம்பர் 20 அன்றே, அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி ராபர்ட் ஸோலிக், பயங்கரவாதத்தை வர்த்தகத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்று நாளேட்டில் கட்டுரை எழுதினார். தடையற்ற வர்த்தகத்துக்கு எதிரானவர்கள் துக்கம் கருதி ஊர்வலத்தைக் கைவிட்ட அதே வாரத்தில், அதற்கு ஆதரவானவர்கள் துக்கத்தையே வாதமாக்கினார்கள். வர்த்தக ஒப்பந்தங்களை விரைந்து நிறைவேற்ற அதிபருக்கு அதிகாரம் வழங்கும் மசோதா, டிசம்பர் 6 அன்று பிரதிநிதிகள் சபையில் 215-க்கு 214 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. வீதிகள் அமைதியாக இருந்திராவிட்டால் அந்த ஒரு வாக்கு மாறியிருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் துக்கம் அனுசரிக்கும் பொறுப்பு ஒரு தரப்பின் தலையில் மட்டும் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சபைக்குள்ளும் இதே நிலைதான். போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தின் மீது செப்டம்பர் 14 அன்று பிரதிநிதிகள் சபையில் வாக்களித்த 421 பேரில், பார்பரா லீ ஒருவரே எதிர்த்தார்.

கேள்வி: துக்கத்தையும் மதித்து, தன் கோரிக்கையையும் விடாமல் நடந்துகொண்ட அமைப்பு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் ராணுவத் தளத்தின் வாயிலில் ஆண்டுதோறும் நவம்பரில் கூடிய போராட்டக்காரர்களைச் சொல்வேன். லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்கு அங்கே பயிற்சியளித்த பள்ளியை மூட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1989 நவம்பரில் எல் சால்வடோரில் ஆறு இயேசு சபைப் பாதிரியார்களும், அவர்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணும், அவருடைய மகளும், அந்தப் பள்ளியில் பயின்றவர்களும் அடங்கிய ராணுவத்தினரால் கொல்லப்பட்டதை நினைவுகூரும் நாள் அது. வெள்ளைச் சிலுவைகளில் இறந்தோரின் பெயர்களை எழுதி ஏந்திச் செல்வார்கள். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது, ‘இங்கே இருக்கிறேன்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லைக் கூட்டம் திருப்பிச் சொல்லும். 2001-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அவர்களை வாயிலிலிருந்து அப்புறப்படுத்த, தளத்தை அடுத்துள்ள கொலம்பஸ் நகர நிர்வாகம் நீதிமன்றம் சென்றது, நீதிமன்றம் இசையவில்லை. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஒப்பாரியின் வடிவிலேயே அமைந்த போராட்டம் என்பதால், நாடு அழுதுகொண்டிருந்த நேரத்திலும் அது யாரையும் அவமதிப்பதாகத் தோன்றவில்லை.

மறு ஆண்டு, வருகிற ஒவ்வொருவரும் உலோகச் சோதனைக் கருவியைக் கடந்தே செல்ல வேண்டும் என்று நகர நிர்வாகம் கட்டளையிட்டது. அமைப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். செப்டம்பர் 11-ஐக் காட்டி இப்படி எல்லோரையும் பொத்தாம்பொதுவாகச் சோதனையிடுவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2004-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.