இரவல் ஆமைகளின் காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொரீஷியஸின் ஈல் ஓ ஸெக்ரெட் தீவைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள ராட்சத ஆமைகள் செய்ஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்தவை என்றும், புறாக்களுக்குக் கால்வளையம் மாட்டி இரையும் வைக்கிறார்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது வேலியில்லாத விலங்குக்காட்சிசாலைதானே? டிசம்பரில் குடும்பத்துடன் மொரீஷியஸ் செல்கிறோம். ஒரு நாளை அதற்கு ஒதுக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மனிதக் கை படாத காட்டைத் தேடிப் போகிறவருக்கு அந்தத் தீவு ஏமாற்றமே தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மஹெபூர் கரைக்கு அருகே சுமார் 65 ஏக்கரில் கிடக்கும் அந்தப் பவளத்திட்டில், விறகுக்காக வெட்டியவை போக மிஞ்சிய கருங்காலி மரங்களே பழைய காட்டின் எச்சம். அவற்றின் பெரிய பழங்களை விழுங்கி விதைகளைத் தொலைவில் கொண்டு சேர்த்த மொரீஷியஸின் சொந்த ஆமைகள், கப்பலோட்டிகளின் உணவாகியும் அவர்களுடன் வந்த விலங்குகளுக்கு இரையாகியும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அழிந்துவிட்டன. 1874-இல் டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் மொரீஷியஸ் ஆளுநருக்கு மனு எழுதியபோது, இந்தியப் பெருங்கடல் தீவுகளில் காப்பாற்றக் கேட்பதற்கு அல்டாப்ராவின் ராட்சத ஆமைகள்தான் மிஞ்சியிருந்தன.

அந்த அல்டாப்ரா இனத்தைத்தான் 2000-ஆம் ஆண்டில், அழிந்த இனத்தின் வேலையைச் செய்ய இத்தீவில் விட்டார்கள். வேலை நடக்கிறதா என்று அறிய ஆமையின் முகத்தைவிட அதன் சாணத்தைப் பார்ப்பது நல்லது. வெயிலில் காய்ந்து நார்நாராகப் பிரிந்து கிடக்கும் அந்தக் கட்டியை ஒரு குச்சியால் கிளறினால், புல் சக்கைக்கு நடுவே கருங்காலி விதைகள் வழவழப்பாகத் தென்படும். ஆமையின் குடல் வழியாக வந்த விதைகள் மேலும் நன்றாக முளைப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மரம் வெட்டி மொட்டையாக்கப்பட்ட பகுதிகளில் இன்று கருங்காலிக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. காட்சிசாலைக் கூண்டில் இது நடப்பதில்லை.

வெளியிலிருந்து வந்தது என்பது மட்டுமே குறையாகிவிடாது. மொரீஷியஸில் இறங்கியதும் உங்கள் கண்ணில் படப்போகிற மைனாவும் செம்மீசைச் சின்னானும் நம் ஊரிலிருந்து போனவைதாம். அவற்றில் சின்னான், களைச்செடிகளின் பழங்களைத் தின்று அவற்றின் விதைகளை மலைக்காடுகள் வரை பரப்புகிறது. (நம்மவர்களைப் பார்த்த மகிழ்ச்சியில் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.) ஆமை, சின்னான் இரண்டுமே விதை தூவும் அயலார், தூவுவது எந்த விதை என்பதில்தான் வேறுபாடு.

கால்வளையத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்துப் பறவைகளாகச் சுருங்கியிருந்த இளஞ்சிவப்புப் புறா, கூண்டில் பெருக்கி வெளியே விடப்பட்டு இன்று சில நூறாக இருக்கிறது. எந்தப் பறவை பிழைத்தது, எது எதனுடன் இணைசேர்ந்தது என்பதை அந்த வண்ண வளையங்களைக் கொண்டுதான் அறிகிறார்கள். பூனையும் கீரியும் குரங்கும் எலியும் மொரீஷியஸ் பெருந்தீவில் இருக்கும்வரை இந்தக் கவனிப்பைக் கைவிட முடியாது. வெளிறிய மார்பும் செம்பழுப்பு வாலுமாகத் தாழ்ந்த கிளையில் அமர்ந்திருக்கும் அந்தப் புறாவை நேரில் பார்த்தால், வளையம் உங்களுக்கு உறுத்தாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே கட்டாயம் போய் வாருங்கள். முழு நாள் வேண்டாம், காலை நேரம் போதும். புவாந்த் ஜெரோமிலிருந்து படகு கிளம்புகிறது. வழிகாட்டியுடன்தான் நடக்க முடியும். குழந்தைகள் ஆமையைச் சுற்றி நின்றுவிடுவார்கள். நீங்கள் வழிகாட்டியிடம் கருங்காலிக் கன்றுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.