வாசகர் கேள்வி – பதில்: செறாயி கடற்கரைக்குப் பிள்ளைகளோடு

கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவின் வடக்குப் பகுதியில் இருக்கிறது செறாயி கடற்கரை. அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போக நினைக்கும் எல்லையோர வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு மூட்டுவலி. ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது? எர்ணாகுளம் போய் வாட்டர் மெட்ரோவில் போனால் சுலபம் என்கிறார்களே?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

ஆலுவாவில் இறங்குங்கள். பாலக்காடு சந்திப்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து வடக்குப் பறவூர் வழியாகச் செறாயி இருபது கிலோமீட்டர் சொச்சம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. பறவூரில் பஸ் மாறவேண்டும். மூட்டுவலிக்காரர் கூட வருவதால் ஆலுவாவிலேயே டாக்ஸி பேசிக்கொள்வது நல்லது.

வாட்டர் மெட்ரோ நல்ல சவாரிதான். ஆனால் ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து அது கொண்டுவிடுவது தீவின் தென்முனையில். தீவின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். செறாயி இருப்பது வடகோடிக்குப் பக்கம். இறங்கியதும் கடற்கரை என்று நினைத்து வந்தவர்கள் அதன்பிறகு முனம்பம் பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போகிறார்கள். அப்படி வந்தால் 'செறாயி தேவஸ்வம் நட' என்று கேட்டு இறங்குங்கள். கடற்கரைக்கு அங்கிருந்து ஆட்டோ. படகுச் சவாரியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொண்டால் பிள்ளைகளும் களைத்துப்போக மாட்டார்கள்.

மாமியாருக்கு மணலில் நடப்பது சிரமம். கரையோரம் நடைபாதை உண்டு. கடலைப் பார்த்தபடி அங்கேயே உட்காரலாம். மடக்கு நாற்காலி கொண்டுவந்தால், மணலில் ஈரம் முடியும் கோட்டுக்கு மேலே பத்தடி தள்ளிப் போடுங்கள். இப்போது அலை எட்டவில்லை என்பதை மட்டும் நம்பவேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய அலைக்கூட்டம் அந்தக் கோட்டைத் தாண்டும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?
— வாசகர், வாளையார்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைக் கடல். கேரளத்தில் விசைப்படகுகளுக்கே ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை. அந்த மாதங்களில் பிள்ளைகளோடு தண்ணீர் விளையாட்டு வேண்டாம்.

ஏப்ரல், மே விடுமுறையில் வேறொரு ஆபத்து உண்டு. மலையாளத்திலும் கன்னியாகுமரித் தமிழிலும் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். இங்கே காற்றும் இராது, மழையும் இராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வீசிய புயலில் எழுந்த அலை, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படியொரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்புகிற அன்று காலை அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரம் என்றால் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. மேற்குப் பார்த்த கரை என்பதால் எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வருகிறார்கள். ஆனால் மதியத்துக்குமேல் கடற்காற்று வலுத்து அலை உயரும். கூட்டத்தில் பிள்ளையைக் கண்ணில் வைத்திருப்பதும் கஷ்டம். டிசம்பரில் ஆறு மணி தாண்டியதுமே சூரியன் மறைந்து விறுவிறுவென்று இருட்டும். மாலை, கரையில் நடக்க மட்டும்.

முழங்கால் தண்ணீரில் நின்றவர்களையே கடல் இழுத்துவிட்டது என்று செய்தி வருகிறது. ஆழமே இல்லாத இடத்தில் அது எப்படி? பிள்ளைகளை இறக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

இந்தப் பயம் நியாயமானது. பயத்தைவிட, காரணம் தெரிந்திருப்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில், முழங்கால் யாருடையது என்று பாருங்கள். அப்பாவின் முழங்கால் நாலு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு. ஏறிய அலை திரும்பி வடியும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். பிள்ளை மல்லாந்து விழும். எழுவதற்குள் அடுத்த அலை மேலே விழும். கரை சரிவாக இறங்கும் இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே சின்னப் பிள்ளைக்குக் கணுக்கால் தண்ணீர் போதும், பெரிய பிள்ளைக்கு அதன் முழங்கால் வரை.

இரண்டாவது, உள்ளிழுக்கும் நீரோட்டம். அலைகள் வரிசையாக உடைந்து வெள்ளை நுரையோடு வருகிற இடங்களுக்கு நடுவே, அலை உடையாத, கொஞ்சம் கறுத்த அல்லது மணல் கலங்கிய ஒரு சந்து தெரியும். பார்வைக்கு அதுதான் சாதுவான இடம். பெற்றோர் பிள்ளையை இறக்கத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் அத்தனையும் கடலுக்குத் திரும்பும் வழி அது. வேகம் கூடினால் தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வர முடியாது. இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நின்று பார்த்தால் அந்தச் சந்து கண்ணுக்குப் பிடிபடும். கல் கொட்டிய இடங்களின் ஓரத்திலும், வடக்கே பெரியாறு கடலில் சேரும் முனம்பம் முகத்துவாரத்திலும் இறங்கவே கூடாது.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைப்புதான் கொல்கிறது. மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் அதோடு கரைக்கு வாருங்கள். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், மூடி இறுக்கிய காலிக் கேனை வீசுங்கள், 112-ஐ அழையுங்கள். கைகோத்துச் சங்கிலியாக இறங்கிய குடும்பங்கள் ஒன்றாகவே போயிருக்கின்றன.

சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. நீந்தத் தெரியாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், கையெட்டும் தூரத்தில், பிள்ளைக்கும் கடலுக்கும் இடையே, கடலைப் பார்த்து நிற்கவேண்டும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதுதான் பெரியவர்கள் செய்யும் பெரிய தப்பு. காற்றடைத்த வளையம் கொண்டுவராதீர்கள்: காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும், வளையமும் உள்ளே இருக்கும் பிள்ளையும் அந்தப் பக்கம்தான் போகும். பெண்கள் தண்ணீருக்குப் போகுமுன் சேலையை மாற்றிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள். நனைந்த சேலை அலை வடியும்போது காலைச் சுற்றிக் கட்டிவிடும்.

ஜெல்லி மீன் பட்டால் என்ன செய்வது?
— வாசகர், மூணாறு

கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மேலும் வெடிக்கும். ஒட்டிய இழைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்தால் வலி குறையும். மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. இறந்து கரை ஒதுங்கிய ஜெல்லி மீனும் கொட்டும். பிள்ளைகள் குச்சியால்கூடக் கிளற வேண்டாம்.

நாங்கள் சைவம். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?
— வாசகி, கோவிந்தாபுரம்

கட்டிக்கொண்டு போங்கள், கடற்கரைக் கடைகளில் மீனும் இறாலும்தான் பிரதானம். புளியோதரை மதியம்வரை தாங்கும். தயிர்சாதத்துக்கு, சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் கெடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். காகங்களும் நாய்களும் சுற்றும் இடம், டப்பாக்களை மூடியே வையுங்கள். குளித்தபின் உடம்பில் ஒட்டிய மணலுக்கு, துடைத்து உலர்த்தி முகப்பவுடர் தூவித் தட்டுங்கள். தொடையிடுக்கு உரசிச் சிவக்காது.

போன அன்று சிவப்புக் கொடி என்றால் நாள் வீண்தானே?
— வாசகர், செங்கோட்டை

இல்லை. சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். காயலில் படகு விடுகிறார்கள்; உயிர்காப்பு அங்கியைப் பிள்ளையின் அளவுக்குக் கேட்டு வாங்கி, வாரை இறுக்குங்கள். பெரியவர் அங்கியை மாட்டினால் தண்ணீரில் அங்கி மட்டும் மேலே வரும், பிள்ளை நழுவிவிடும்.

வடக்கே பள்ளிப்புறத்தில் போர்ச்சுகீசியர் 1503-இல் கட்டிய அறுகோணக் கோட்டை இருக்கிறது. சிறியது, அரைமணி போதும். சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பந்தியை சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் 1917-இல் நடத்தியது இதே செறாயியில்தான். அவர் நினைவகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வோம். வழியில் தெரியும் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், அறுவடைக்குப் பின் உப்புநீர் புகுந்ததும் இறால். டிசம்பரில் போனால் நெல் இருக்காது. வரப்பு மதகில் வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.