எல்லாம் நார்மல்

ஐயா, வணக்கம்.

சேலம் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட்டுகளுக்கு ஆரி பூவேலை செய்கிறேன். எட்டு மாதமாக வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலி. ஊசியைப் பிடித்து அரை மணி நேரத்தில் தொடங்கிவிடும். எக்ஸ்ரே, கழுத்துக்கு எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. "எல்லாம் நார்மல்மா" என்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஜாக்கெட்டை முடித்துக் கொடுக்கிறேன். மாவாட்டும்போது வராத வலி ஊசி பிடித்தால் மட்டும் வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள். செங்கல் சுமக்கிற பெண்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கண்ணேறு என்று மாமியார் தாயத்து கட்டியிருக்கிறார். தோள்வலியோடுதான் எழுதுவதாக நீங்கள் ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நான் வேலையை விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம,

தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், இறுக்கிக் கட்டாமல் இருந்தால் சரி. என் தோள்வலி வெந்நீர் ஒத்தடமும் சோம்பேறித்தனமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மாவாட்டும் வரிதான். அதே கேள்வியை என் அப்பாவிடம் கேட்டவன் நான்.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் பாய் விரித்து, சாய்வு மேசையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்" என்று ஆரம்பித்து நான்கெல்லை சொல்லி முடிப்பதற்குள் நான்கைந்து பக்கம் ஓடிவிடும். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்கு அலையும். அந்தப் பயம் விரலிலேயே இருக்கும். ஐம்பதை நெருங்கும்போது அவருக்குப் பேனாவைப் பிடித்ததும் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளத் தொடங்கியது. முன்கை முறுக்கிக்கொண்டு வலிக்கும். பேனாவைக் கீழே வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

அதே கையால் கிணற்றில் இருபது வாளி தண்ணீர் இறைப்பார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. அக்கம்பக்கத்தார் நிற்கும்போதே, "தண்ணி எறைக்கும்போது மட்டும் வலிக்காதாப்பா?" என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாளி தூக்குகிற கை பேனா தூக்க மறுப்பது நடிப்பில்லை. ஒரே வேலையை வருடக்கணக்காகச் செய்த கைக்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் முடியாமல் போகிற நோய் உண்டு. எழுதுபவர்களுக்கு வரும் கைப்பிடிப்பு அந்த வகை. 'இதற்கு மட்டும் வருகிறதே' என்பது பொய்யின் அடையாளம் இல்லை, அந்த நோயின் அடையாளமே அதுதான். உங்களுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் மாவாட்ட முடிகிறது என்பதை வைத்து உங்கள் வலியைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இத்தாலியில் ராமாஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்' என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்ன மனிதர். தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் புத்தகம் எழுதினார். 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாத உட்கார்வு, ஒரே மாதிரியான கையசைவு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் என்று மூன்று காரணம் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு நோட்டரிக்கு வலதுகை போனது. இடதுகையால் எழுதப் பழகினார், கொஞ்ச நாளில் அதையும் அதே நோய் பிடித்தது. இதைப் படித்தபோது எனக்கு நாற்பது வயது. அப்பா இல்லை.

ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்தப் படத்தில் தெரியக்கூடியது எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஜப்பானில் ஒரு தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 87 பேருக்கு மேல் கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது. வலியில்லாதவர்களுக்குப் படத்தில் கோளாறு தெரிகிறது, வலிக்கிறவருக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க அந்தப் படத்தையா சாட்சிக்கூண்டில் ஏற்றுவது? வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுக் கழகமே 2020-இல் தன் வரையறையோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறது. வீட்டில் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார்கள், நானே கேட்கவில்லையே.

இனி திட்டு. செங்கல் சுமக்கிற பெண்ணைக் காட்டி நீங்கள் வெட்கப்படுவது சுத்த அபத்தம். உங்கள் கை வலித்தால் அவள் சுமை ஒரு கல் குறையுமா? அவளிடம் போய் "உனக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா" என்று யாரும் கேட்பதில்லையே! அதைவிடக் கோபம் அந்த மாத்திரை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து படுக்கும். நிறுத்திவிட்டு, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகிறதா, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா என்பதையும் சொல்லுங்கள். நரம்புக்கு லேசாக மின்சாரம் விட்டுப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்களா? சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்களா? கேளுங்கள்.

இன்னொன்று. என் அண்ணன் மகள் கொஞ்ச நாள் ஆரி கற்றுக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடதுகை அடியிலிருந்து நூல் கொடுக்க, வலதுகை ஊசியைக் குத்தி, கொக்கியில் மாட்டி, லேசாகத் திருகி மேலே இழுக்கிறது. ஒரு ஜாக்கெட்டின் கழுத்து வேலை முடிவதற்குள் எத்தனை திருகல்! எந்த டாக்டராவது அதைப் பார்த்தாரா? அடுத்த முறை பத்து நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய், பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள். வேலையை விடுவதா என்பதை அதற்கப்புறம் பேசலாம். அதுவரை முகூர்த்த ஆர்டர்களில் பாதிக்கு "முடியாது" என்று சொல்லுங்கள்.

அப்பா பேனாவில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, கட்டைவிரல் பருமனுக்கு ஆக்கி வைத்திருந்தார். பருமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று அவராகவே கண்டுபிடித்தது. உங்கள் ஊசியின் மரப்பிடியிலும் சுற்றிப் பாருங்கள். அதற்கும் ஒருநாள் கை போதாமல் போனபோது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். போன வருடம் ஒரு பழைய பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. இரண்டு பக்கம் அவர் எழுத்து. மூன்றாம் பக்கத்தில் கிழக்கெல்லைக்கு நடுவில், வரி முடியாமலே, என் கோணல் எழுத்து ஆரம்பிக்கிறது.