சம்ப்பை விடுங்கள், மேலே பாருங்கள்

பைக் எஞ்சின் பொருத்திய உங்கள் டிராக் காரில் அடியில் ஆயில் சொட்டுவது நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கேஸ்கெட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பை, மூன்றாவது முறை மாற்ற வேண்டாம். இரண்டு முறை மாற்றியும் அடியில் சொட்டுகிறது என்றால், ஆயில் மேலே எங்கோ கசிந்து அங்கே வழிந்து வருகிறது.

என் சந்தேகம் கேம் செயின் டென்ஷனர் (எஞ்சினுக்குள் ஓடும் கேம் செயினைத் தொய்யாமல் பிடிக்கும் பாகம்) கேஸ்கெட் மேல்தான். ஓசூரில் எங்கள் ஷெட்டில் நிற்கும் பைக் எஞ்சின் காரிலும் அதுதான். சிலிண்டருக்குப் பின்னால் முடி அகலத்துக்கு ஓர் ஈரக்கோடு. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் கண்ணில் பட்டது.

1. எஞ்சின் ஆறியதும் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள்.
2. அப்புறம் டால்கம் பவுடர் தூவி, 10 நிமிடம் ஓட விடுங்கள். பவுடர் முதலில் கருக்கும் இடம்தான் கசிவு.

நிற்கும்போது கசியாமல் டிராக்கில் மட்டும் கசிந்தால் பிரீத்தர் குழாயை (எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் குழாய்) பாருங்கள். வளைவில் பைக் சாயும், கார் சாயாது. அதனால் காரில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி அந்தக் குழாய் வழியே வெளியேறும்.

சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம். கண்டுபிடிக்கும்வரை தயவுசெய்து டிராக்கில் இறக்காதீர்கள்.