போர்டு போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

கேள்வி: முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின், வாங்கி நாலு வருடம் ஆகிறது. துவைத்து முடிந்த பிறகும் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, கதவும் திறக்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் ‘போர்டு போச்சு, ஏழாயிரம் ஆகும்’ என்கிறார். மாற்றிவிடலாமா சார்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா, பொறுங்கள். தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் போர்டை, அதாவது மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் பலகையை, கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். கதவு திறக்காததும் கோளாறு இல்லை, உள்ளே தண்ணீர் இருக்கிறவரை பூட்டு விடாது, விட்டால் அறை முழுக்கக் குளம்தான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறட்டும். மெஷினின் முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே கையால் திருகுகிற மாதிரி ஒரு வட்ட ஃபில்டர். பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் உங்கள் நேரம் நல்ல நேரம், அதை இழுத்து அடைப்பை எடுத்து ஒரு தாம்பாளத்தில் தண்ணீரை வடியுங்கள் (வாளி அந்த உயரத்துக்கு நுழையாது). குழாய் இல்லையா, ஃபில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் திருகி, தட்டு நிறைந்ததும் இறுக்கி, கொட்டிவிட்டு மறுபடி திருகி என்று பத்துப் பதினைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு முழுக்கக் கழற்றிவிடாதீர்கள்.

ஃபில்டரோடு வருவது பெரும்பாலும் ஒரு ஹேர்பின், சட்டைப்பையில் மறந்த ஒரு ரூபாய், குழந்தையின் சாக்ஸ், இவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு பஞ்சுக் கட்டி. நாற்றமடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவுங்கள். அப்புறம் டார்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள். பம்பின் சிறு விசிறி தெரியும், ஒரு குச்சியால் அதைச் சுற்றிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டு விட்டுத் தள்ளித் தள்ளித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. இது தெரியாமல் ‘பம்ப் ஜாம்’ என்று நல்ல பம்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இதெல்லாம் முடித்து, ஃபில்டரைத் திரும்ப இறுக்கி மூடி, வெளியே போகிற குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, ஸ்பின்னை மட்டும் ஓட்டுங்கள். ‘உர்ர்’ என்று சத்தம் வந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்பின் ‘காயில்’ (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) போயிருக்கலாம், இல்லை எலி வயரைக் கடித்திருக்கலாம். இவை இரண்டும் இல்லை என்று சோதித்துக் காட்டியபிறகு மெக்கானிக் போர்டு என்று சொன்னால் சரி, கேட்கலாம்.

கேள்வி: மாடி வீட்டில் இருக்கிறோம். மெஷினில் தண்ணீர் நிரம்ப அரைமணி நேரம் ஆகிறது, சில சமயம் பாதியிலேயே நின்று பீப் அடிக்கிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்னால் தண்ணீர் நுழைகிற ஹோஸைக் கழற்றுங்கள். வால்வு வாயில் விரல்நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கும், போர் தண்ணீர் என்றால் அதில் மண்ணும் உப்பும் அப்பியிருக்கும். மூக்குக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, உப்பு விடவில்லை என்றால் வினிகரில் ஊறவையுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு மெஷினில் இல்லை, தொட்டியில். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும், அதாவது தொட்டித் தண்ணீர் மெஷினைவிட 3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தலைக்கு நேர் மேலேயே தொட்டி என்றால் அது கிடைப்பது கஷ்டம், சின்ன பிரஷர் பம்ப்தான் வழி.

கேள்வி: மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டால் அடிப்பதில்லை. அப்படியே ஓட்டலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இதைப் படித்ததும் எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டாதீர்கள், இன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும், பின்னால் எர்த் வயரே (கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர்) வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாவிட்டால் அதையும் போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால் மெஷினுக்குள்தான் கசிவு, டப்பின் (தண்ணீர் நிற்கிற தொட்டியின்) ரப்பர் சீல் தேய்ந்து மோட்டாரில் தண்ணீர் சொட்டுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கல்லில் துவையுங்கள்.