வாசகர் கேள்வி – பதில்: ஆசியத் திரைப்படங்களின் அடிதடியும் அச்சமும்

கேள்வி: ஹாங்காங், கொரியப் படங்களின் சண்டைக் காட்சிகளில் உண்டாகும் பதைபதைப்பு, பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் ஹாலிவுட் படங்களில் உண்டாவதில்லையே, ஏன்?

பதில்: அடிப்பவரையும் அடிபடுபவரையும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்துக்குள் காட்டும் துணிச்சல்தான் முக்கியமான காரணம் என்பேன். ஜாக்கி சானும் சாமோ ஹங்கும் சிறு வயதிலேயே, பாட்டும் கரணமும் சண்டையும் கலந்த சீன மரபு நாடகமான பீக்கிங் ஆபராவைக் கற்பிக்கும் பள்ளியில் கடும் பயிற்சி பெற்றவர்கள். நடிப்பு, சண்டை அமைப்பு, இயக்கம் மூன்றையும் தாங்களே கவனித்ததால், ஓர் உதை எங்கே புறப்பட்டு எங்கே போய் விழுகிறது என்பதைப் படத்தொகுப்பில் வெட்டி மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 'போலீஸ் ஸ்டோரி' (1985) படத்தின் இறுதியில், மின்விளக்குகள் சுற்றப்பட்ட கம்பத்தைப் பிடித்தபடி வணிக வளாகத்தின் உயரத்திலிருந்து ஜாக்கி சான் சறுக்கி இறங்குவதை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். கதை அங்கே சற்று நின்றுவிடுகிறது. மெய்யாகவே ஒரு மனிதர் இதைச் செய்தார் என்று நம் கண்முன் நிறுவுவதே நோக்கம். அந்தக் காட்சியில் அவருடைய கைகள் வெந்துபோயின.

கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் 'ஓல்ட்பாய்' (2003) படத்தின் நடைவழிச் சண்டையைப் பக்கவாட்டில் நகரும் ஒரே ஷாட்டில் எடுத்தார். நாயகன் சுத்தியலோடு முன்னேறுவதைவிட, மூச்சிரைத்து நிற்பதும் தடுமாறி விழுவதும்தான் மனத்தில் தங்குகின்றன. களைப்பே இல்லாத சண்டையில் ஆபத்து இருப்பதாக நாம் நம்புவதில்லை.

கேள்வி: ரத்தத்தை அதிகம் காட்டாத ஜப்பானியப் பேய்ப் படங்கள் இவ்வளவு அச்சுறுத்துவது எப்படி?

பதில்: ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு' (1998) படத்தில் சடாக்கோ என்னும் பேய் நெருங்கி வரும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமாக்கி, அதைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு ஓட்டியிருக்கிறார்கள். அவள் நம்மை நோக்கித்தான் வருகிறாள். ஆனால் பாதம் பதியும் விதமும் தோள்கள் அசையும் விதமும் உயிருள்ளவர்களின் நடைக்குப் பொருந்தவில்லை. என்ன பிழை என்று அறிவுக்கு எட்டும் முன்பே உடல் சிலிர்த்துவிடுகிறது. அவிழ்ந்த கருங்கூந்தலும், பிணத்துக்கு உடுத்தும் வெள்ளாடையை நினைவூட்டும் உடையும் ஜப்பானிய ஓவியத்திலும் கபுகி நாடகத்திலும் நெடுங்காலமாக வேரூன்றியவை.

கேள்வி: கொலையாளி யாரென்றே சொல்லாமல் முடிகிற 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்னை ஏமாற்றியது. அதை ஏன் பாராட்டுகிறார்கள்?

பதில்: 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசியோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளே அப்படத்துக்கு அடிப்படை, 2003இல் போங் ஜூன்-ஹோ படமெடுத்தபோது கொலையாளி அகப்பட்டிருக்கவில்லை. ஆகவே இல்லாத விடையை அவர் இட்டுக்கட்டவில்லை என்பதை முதல் நேர்மையாகக் கருதுகிறேன். கொலையாளியைவிட விசாரணையின் சீர்குலைவையே அவர் பின்தொடர்கிறார்: கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மீது உழவு வண்டி ஏறிப் போகிறது, காவலுக்கு ஆள் கேட்டால், அத்தனை பேரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டதாகப் பதில் வருகிறது. ராணுவ ஆட்சியின் கீழ்க் காவல்துறை எதற்குப் பயன்பட்டது என்பதை அந்த ஒற்றைப் பதில் சொல்லிவிடுகிறது. 2019இல், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த ஒருவர் மரபணுச் சோதனையில் அடையாளம் காணப்பட்டார். ஆனால் வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்துவிட்டிருந்தது. இதை அறிந்தபின், துப்பறிவாளர் கேமராவை நேராக உற்றுப் பார்க்கும் இறுதிக் காட்சியை மறுபடி பாருங்கள்.

கேள்வி: மொழிமாற்றக் குரலில் பார்க்கலாமா, சப்டைட்டிலோடு பார்க்கலாமா?

பதில்: கொரிய, ஜப்பானியப் படங்களை மூலக் குரலில்தான் பார்க்க வேண்டும். பழைய ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை ஒலியின்றிப் படமாக்கப்பட்டுப் பின்னர் குரல் சேர்க்கப்பட்டவை என்பதால், அங்கே அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. புதிதாகத் தொடங்குவோர் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) படத்தை முதலில் பார்க்கலாம். வன்முறை குறைவு, பதற்றம் அதிகம்.